சோப்பா, புரதமா?

முப்பத்தொரு வயதுப் பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் "படிக்கிறான்" என்று பதில் சொல்ல வேண்டியிருந்த வீடு அது. அம்மா அதற்குக் கொஞ்சம் மெருகேற்றி, "டாக்டருக்குப் படிக்கிறான்" என்பாள். கேட்டவர்கள் உடனே முழங்காலைத் தடவிக்கொண்டு, படியேறும்போது மட்டும் வலிக்கிறது என்று தொடங்குவார்கள். இவன் வேறு வகை டாக்டர், கிருமியோடு மட்டும்தான் பேசுவான் என்று தெரிந்ததும் வலி சட்டென்று நின்றுவிடும். அந்த வகையில் அவன் ஏற்கெனவே பலரைக் குணப்படுத்தியிருந்தான்.

வீட்டில் அவனுக்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர். வைத்தவர் அப்பா. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தலையில் முழு வழுக்கை, காலில் ஒன்பது விரல். ஐந்து வருடத்துக்கு முன் புதுச் செருப்பு கடித்து மிளகளவு கொப்புளம் ஒன்று வந்தது. தோலில் சாதுவாக உட்கார்ந்திருந்த கிருமி ஒன்று அந்த வாசலைப் பார்த்தது, உள்ளே போனது, ரத்தத்தில் குடியேறியது. கொடுத்த மருந்தெல்லாம் அந்தக் கிருமிக்குப் பழகிப்போன மருந்து. மூன்றாம் நாள் அவர் உடம்பு கிருமியை விட்டுவிட்டுத் தன்னையே அடித்துக்கொள்ளத் தொடங்கியது. செப்சிஸ் என்றார்கள். பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, ஒரு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். "ஒண்ணு போனா என்ன, கிளட்ச் மிதிக்க மிச்சம் இருக்கே" என்பது அன்றிலிருந்து அவர் வசனம். அவர் வீடு திரும்பிய வாரம்தான் மகன் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தான். ஏன் சேர்ந்தான் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயத்தைக் கேட்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

அவன் செய்த வேலை இதுதான். கிருமிக்குள் புகுந்து பெருகும் வைரஸ்கள் உண்டு. வெளியே வரும்போது கிருமியின் சுவரை வெட்டிக்கொண்டு வரும். வெட்டுவது ஒரு புரதம். அந்தக் கத்தரிக்கோலை மட்டும் தனியே எடுத்து நோயாளியின் ரத்தத்தில் விட்டால், மருந்துக்கு மசியாத கிருமியும் கிழிந்து போகும். சொல்ல நான்கு வாக்கியம், செய்ய ஐந்து வருடம்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் புரதத்தை வளர்ப்பதும் இன்னொரு கிருமிக்குள்தான். போலீஸ்காரனைத் திருடன் வீட்டிலேயே வளர்த்த கதை. வீட்டை உடைத்து ஆளை வெளியே எடுக்கும்போது திருடன் வீட்டு நச்சும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஒரு துளி ரத்தத்தில் கலந்தாலும் அதே காய்ச்சல், அதே நடுக்கம். மருந்து ஊசி என்று நோயையே ஏற்றின மாதிரி ஆகிவிடும். ஆகவே புரதத்தை ஒரு வகைச் சோப்புக் கரைசலில் மூன்று முறை கழுவ வேண்டும். கழுவியபின் சோப்பை உறிஞ்சும் வெள்ளை மணிகளைப் போட்டுக் குலுக்கி, சோப்பையும் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் கழுவலின்போது மணி டப்பா காலியாகிவிட்டது. புது டப்பா வர ஆறு வாரம் ஆகும். எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க விலங்குக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்த நாளோ வருகிற செவ்வாய்க்கிழமை. அதை விட்டால் இன்னும் எட்டு மாதம். எனவே ஏற்கெனவே பயன்படுத்திய மணிகளை நன்றாக அலசி, மறுபடியும் போட்டான். ஒருமுறை வடிகட்டிய டீத்தூளில் இரண்டாம் டீ போட்ட மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் டீ போடுகிற எவரும் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டான். வட்டத் தட்டு முழுக்கக் கிருமியைப் புல்வெளி மாதிரி வளர்த்து, மேலே புரதத்தை ஒரு சொட்டு விட்டு, மறுநாள் எடுத்த படம். சொட்டு விழுந்த இடத்தில் கிருமி செத்துப்போய் வழவழவென்று ஒரு வழுக்கை. வழுக்கை விழுந்ததைப் பார்த்துக் கை தட்டுகிற இடம் உலகத்திலேயே அந்த ஆய்வகம் ஒன்றுதான். தட்டினார்கள்.

தட்டாமல் இருந்தவர் கன்ட்ரோல் மேடம். பேராசிரியர். எந்தச் சோதனையைக் காட்டினாலும் ‘இதை எதோடு ஒப்பிட்டாய், கன்ட்ரோல் எங்கே’ என்பதுதான் அவர் முதல் கேள்வி. முன்பொரு மாணவன் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "இவளை மாதிரி ஒரு பொண்ணு கிடைக்காது மேடம்" என்றபோது, "எத்தனை பேரோட ஒப்பிட்டுப் பார்த்தே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டவர்.

"பக்கத்துச் சொட்டு என்ன?" என்றார்.

"வெறும் உப்புத் தண்ணி மேடம். அதுல கிருமி செழிப்பா வளர்ந்திருக்கு. அதான் கன்ட்ரோல்."

"அந்த உப்புத் தண்ணியைச் சோப்புல கழுவினியா?"

"உப்புத் தண்ணியை எதுக்கு மேடம் கழுவணும்?"

"புரதத்தை எதுக்குக் கழுவினே?"

"நச்சு போக."

"சோப்பு எப்படிப் போச்சு?"

"மணி உறிஞ்சிடுச்சு மேடம்."

"மணி வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

அவன் வாயைத் திறந்தான். பழைய மணியின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான்.

"அப்போ இந்த வழுக்கை புரதம் போட்டதா, மிச்சமிருந்த சோப்பு போட்டதா? யாருக்காவது தெரியுமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பன், எதையும் நான்கு தடவை நிறுத்துப் பார்ப்பதால் ‘தராசு’ என்று பெயர் பெற்றவன், காதருகே குனிந்தான்.

"சோப்புப் போட்டா கிருமி சாகும்னு கண்டுபிடிச்சிருக்கேடா. கெட்டிக்காரன்டா நீ."

"வாயை மூடு."

"அஞ்சு வருஷ உழைப்பு. சும்மாவா?"

மேடம் எழுந்துகொண்டே சொன்னார்: "சின்ன விஷயம்தான். பத்து நிமிஷம் கொதிக்க வை. புரதம்னா முட்டை மாதிரி வெந்து செத்துடும்; சோப்பு வேகாது. வெந்ததுக்கு அப்புறமும் வழுக்கை விழுந்தா அது சோப்பு. அப்படின்னா செவ்வாய்க்கிழமை எலியைத் தொந்தரவு பண்ணாதே. அதுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

அன்று மத்தியானமே கொதிக்க வைத்தான். பத்து நிமிடமும் குழாயின் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் வெந்து நாசமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வெந்ததை ஒரு சொட்டு, வேகாததை ஒரு சொட்டு தட்டில் விட்டு, கிருமி வளரும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தான். வேகாத சொட்டு: வழுக்கை. வெந்த சொட்டு: வழுக்கை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அளவுகோல் வைத்துப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். வழுக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வழுக்கைதான் என்பது அப்பாவைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமையாதலால் ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. கழிவுத் தொட்டி இரண்டடி தூரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. தட்டு கை தவறி விழலாம். கொதிக்க வைக்க மறந்து போகலாம். மனித மனம் இந்த மாதிரி நேரங்களில் காட்டும் கற்பனை வளத்தை ஆராய்ச்சியில் காட்டியிருந்தால் அவன் எப்போதோ பட்டம் வாங்கியிருப்பான். தொட்டியைப் பார்த்தான். வீட்டில் ஈரத் தரையில் அப்பா கால் வைக்கும்போது இடது பாதம் கொஞ்சம் கோணலாக வழுக்கும்; அது ஞாபகம் வந்தது. தட்டைப் பத்திரமாகக் குளிர்பெட்டியில் வைத்தான். ‘மேடம், வெந்ததும் வழுக்கை போடுகிறது’ என்று கைபேசியில் எழுதினான். அனுப்பும் பொத்தான்வரை விரல் போனது, அங்கேயே நின்றது. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தான்.

வீட்டில் தங்கை ஏற்கெனவே தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது, பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே பதினான்கு பேரும் ஆறு இயந்திரங்களும் வேலை செய்கிறார்கள். அண்ணனுக்குக் கீழே வேலை செய்வது கிருமிகள் மட்டும்.

"என்ன அண்ணா, முகம் பிழிஞ்சு காயப்போடாத துணி மாதிரி இருக்கு?"

"சோப்புடி."

"என்ன சோப்பு?"

சொன்னான். ஐந்து வருடத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தான். பழைய மணியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். பிறகு மனசு கேட்காமல் அதையும் சொன்னான். அம்மா கரண்டியோடு நின்று கேட்டாள்.

"சோப்பு போட்டா கிருமி சாகும்கிறதுக்கா இவ்வளவு நாள்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அப்பா தன் தட்டிலிருந்த பொரித்த முட்டையை மகன் தட்டுக்கு நகர்த்தினார். வெந்து செத்த புரதம். அவன் அதைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தான்.

"சரி விடு, எங்க கதையைக் கேளு" என்றாள் தங்கை, பேச்சை மாற்றுகிற நல்லெண்ணத்தில். "புது மேனேஜர் வந்திருக்கார்ல? தீவிர சிகிச்சைப் பிரிவு விரிப்பு எண்பது. அத்தனையும் ரத்தம், சீழ். இவர் என்ன பண்ணார் தெரியுமா? சுத்தம்னா சுத்தமா இருக்கணும்னு எடுத்த எடுப்புல கொதிக்கிற தண்ணில போடச் சொல்லிட்டார்."

"நல்லதுதானே?" என்றாள் அம்மா.

"நல்லதா? ரத்தம் வெந்து துணியோட துணியா ஒட்டிக்கிச்சும்மா. கறை இரும்பு மாதிரி. கொதிக்க வெச்சா எல்லாம் போயிடும்னு யார் இவருக்குச் சொன்னாங்களோ! கொதிக்க வெச்சா சிலது போகும், சிலது இன்னும் பிடிவாதமா உட்காரும்."

"அப்புறம் என்ன பண்ணே?" என்றார் அப்பா.

"கறைப்பொடி போட்டு வெதுவெதுப்பா ஊற வெச்சேன். நாலு மணி நேரம். அதுல ஒரு என்சைம் இருக்குப்பா. புரதம் எங்க இருந்தாலும் தேடிப் போய்த் தின்னும். ரத்தம், சீழ், பால், முட்டை எல்லாத்தையும்."

அவன் பிசைவதை நிறுத்தினான்.

"சோப்பைத் தின்னுமா?"

"சோப்பை எப்படித் தின்னும்? சோப்போட கலந்துதானே அதை விக்கிறான். டப்பாவுல எழுதியிருக்கே. நீ ஆராய்ச்சி, டப்பா படிக்கிறது நான்."

சோறு தட்டில் இருக்க, அவன் எழுந்தான்.

"என்னடா, கல்லு கடிச்சுதா?" என்றார் அப்பா.

"புரதத்தை அது தின்னும். சோப்பைத் தின்னாது" என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல்.

"அதைத்தானே நான் இப்போ சொன்னேன்!" என்றாள் தங்கை.

புரதம் தின்னும் அந்த என்சைம் ஆய்வகக் குளிர்பெட்டியிலேயே இருந்தது. வேறொரு வேலைக்காக வாங்கியது. ஐந்து வருடமாகத் தினமும் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் அவன் தன் குழாயை எடுத்துக்கொண்டிருந்தான். கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூட வெண்ணெயை இத்தனை தடவை நகர்த்தி வைத்திருக்க மாட்டான். வேகாத புரதம் என்று ஒன்று இருக்கலாம் என்பதும் அவன் பாடத்தில் படித்ததுதான். வெந்நீர் ஊற்றில் வாழும் கிருமிகளைப் பற்றி இரண்டாம் வருடத்தில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். மதிப்பெண் வாங்கியதும் அது தலையைவிட்டுக் கிளம்பிப் போயிருந்தது.

முதலில் நின்றுபோன செய்தியை அனுப்பினான்: ‘மேடம், வெந்ததும் வழுக்கை போடுகிறது. புரதம் தின்னும் என்சைம் போட்டு இன்னொரு சோதனை செய்கிறேன்.’

பதில் ஒரே சொல்லாக வந்தது: ‘கன்ட்ரோல்?’

இந்த முறை அவன் யோசித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே யோசித்தான். பிறகு அனுப்பினான். ஆறு சொட்டு. ஒன்று, புரதம். இரண்டு, வெந்த புரதம். மூன்று, புரதத்தோடு அந்த என்சைம், சுருக்கமாகத் தின்னி. நான்கு, தின்னி மட்டும். ஐந்து, சோப்பு மட்டும். ஆறு, சோப்போடு தின்னி. மேடத்திடமிருந்து பதில் இல்லை. அவர் அகராதியில் அதற்குப் பெயர் பாராட்டு.

மத்தியானம் முழுவதும் குழாய்கள் உடம்புச் சூட்டில் ஊறின. தங்கையின் விரிப்புகளுக்குச் சொன்ன அதே நான்கு மணி நேரம். ஆறு சொட்டையும் தட்டில் விட்டு, அடியில் எண் எழுதி, எழுதியதை நான்கு தடவை சரிபார்த்தான். தராசு பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியே கிளம்பும்போது அப்பா காரில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க?"

"ஓட்டுறவன் இல்லாம வண்டி போகுமா? ஏறு."

"ரிசல்ட் நல்லா வரும்னு நிச்சயம் இல்லப்பா."

"அந்தப் பத்தொன்பது நாளும் டாக்டருங்க தினம் இதைத்தான் சொன்னாங்க. ஏறுடா."

ஆய்வகத்தில் அப்பாவுக்கு ஒரு வெள்ளை மேலங்கியும், செருப்புக்கு மேல் போடும் நீல உறையும் கிடைத்தன. மேலங்கியில் அவர் மகனைவிட டாக்டராகத் தெரிந்தார். சூட்டுப் பெட்டியின் கதவில் கை வைத்தபடி அவன் நின்றான். மூன்றாவது சொட்டில் புரதத்தைத் தின்னி தின்றிருக்கும். அங்கே கிருமி வளர்ந்திருந்தால், இதுவரை கொன்றது புரதம். வழுக்கை விழுந்திருந்தால் சோப்பு. பெட்டியைப் பூட்டிவிட்டு அப்பாவோடு போய்ப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்ளலாம்.

"ஹார்ன் அடிச்சாத்தான் திறப்பியா?" என்றார் அப்பா.

திறந்தான். தட்டைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்கப்பா. அடியில நம்பர் இருக்கு. வழுக்கையா, முடியான்னு மட்டும் சொல்லுங்க. கடைசியிலேர்ந்து வாங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பயணச்சீட்டைச் சரிபார்க்கிற நிதானம்.

"ஆறு, வழுக்கை."

சோப்போடு தின்னி. சரி, தின்னி சோப்பைத் தொடவில்லை.

"அஞ்சு, வழுக்கை. நல்ல வழுக்கை. என்னுது மாதிரி."

வெறும் சோப்பு. சரி.

"நாலு, முடி."

தின்னி மட்டும். அது தானாகக் கிருமியைக் கொல்லவில்லை. சரி.

"மூணு..." அப்பா தட்டை விளக்குப் பக்கம் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அப்பா!"

"இருடா. ரெண்டு வழுக்கை, ஒண்ணு வழுக்கை."

"மூணு?"

"முடி. காடு மாதிரி மண்டிக் கிடக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது நல்லதா கெட்டதா?" என்றார்.

அவன் கண்ணைத் திறந்தான். மூன்றாவது எண்ணுக்கு மேலே கிருமி ஒரு இடைவெளியும் இல்லாமல் செழித்திருந்தது. புரதத்தைத் தின்றபின் கொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. சோப்பு இல்லை. இரண்டாம் டீ நிறமில்லாமல் இருந்தாலும் டீயாகத்தான் இருந்திருக்கிறது. பத்து நிமிடம் கொதித்தும் சாகாமல் எழுந்து வந்து சுவரை வெட்டியது அவனுடைய புரதம்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நல்லதுப்பா" என்றான். "ரொம்ப நல்லது."

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். "அந்தத் தின்னியை எனக்குக் கொஞ்சம் தலையில தடவேன். அது பட்ட இடத்துல நல்லா வளருதே."

மேடம் தொலைபேசியில் ஆறு சொட்டையும் வரிசையாகக் கேட்டார். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மூன்றாவதை மட்டும் மறுபடி கேட்டார்.

"சரி" என்றார்.

ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்தச் சொல் கேள்விக்குறி இல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

"வெந்தா செத்துடும்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். தப்பு என்னுது" என்றார் அடுத்து. "கொதிச்சும் சாகாதுன்னா, யோசிச்சுப் பார், ஃபிரிட்ஜ் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் இதை அனுப்பலாம். செவ்வாய்க்கிழமை எலியைப் பாரு."

வைத்துவிடுவார் என்று தெரிந்தது. அவன் அவசரமாகச் சொன்னான்: "மேடம், இன்னொண்ணு. கடைசிக் கழுவலுக்குப் பழைய மணியைத்தான் அலசிப் போட்டேன். டப்பா தீர்ந்துடுச்சு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "என் மேஜை டிராயர்ல புது டப்பா ஒண்ணு இருக்கு. நாளைக்கு எடுத்து, இருக்கிற புரதத்தை மறுபடி ஒரு தடவை குலுக்கு. எலிக்கு வயித்தால போனா உன்னைத்தான் கேப்பேன்."

"டிராயர்லயே இருந்துதா மேடம்?"

"வெளிய வெச்சா தீர்த்துடுவீங்க. கேட்டா கொடுத்திருப்பேன். நீ கேக்கலையே."

திரும்பும் வழியிலும் அப்பாதான் ஓட்டினார். சாலை விளக்கு சிவப்பில் நின்றபோது இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்து, செருப்புக்குள் விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார். "எலி பொழைச்சா எங்கிட்டயும் சொல்லு" என்றார். "ஒரே வார்டுல படுத்த மாதிரி தோணுது."

தட்டின் படத்தை அனுப்பியதற்கு, வேலையிலிருந்த தங்கையின் பதில் கைபேசியில் வந்திருந்தது: ‘உன் ஆராய்ச்சிப் புத்தகத்துல நன்றின்னு ஒரு பக்கம் வருமே, அதுல என் பேரைப் போடாதே. சலவைப் பிரிவுன்னு பெருசா போடு. மேனேஜர் மேஜையில ஒரு காப்பி வைக்கணும்.’

வீட்டு வாசலில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். கார் நின்ற தினுசிலேயே அவளுக்குச் செய்தி தெரிந்துவிட்டது; அப்பா சந்தோஷமாக இருந்தால் வண்டியைக் கொஞ்சம் கோணலாக நிறுத்துவார். இவன் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை மட்டும் ஆட்டினான். அம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

"பையன் என்ன ஆச்சு, படிப்பு முடிஞ்சுதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"முடியல" என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரித்து. "ஆனா சோப்பு இல்லையாம்."